மஸ்கட்டில் ஒரு மக்காவ்

மக்காவ் எங்கே இருக்கிறது என்று அன்றுவரை எனக்குத் தெரியாது. அந்த ஊரை மஸ்கட்டில் ஒரு ஹோட்டலுக்குள் கட்டித் தர வேண்டும் என்று எங்கள் மேனேஜர் குரியன் சார் சொன்னபோது வழக்கம்போல "செரி சார்" என்றேன். மஸ்கட்டையும் நான் பார்த்ததில்லை. துபாயில் சில வருடம் தச்சு வேலை பார்த்தால் "செரி சார்" தானாக வாயில் வந்துவிடும்.

எங்கள் கம்பெனி ஹோட்டல் விருந்துகளுக்கு அலங்காரம் செய்து கொடுப்பது. பனிமலை, பாய்மரக் கப்பல், பாரிஸ் தெரு என்று கேட்டதையெல்லாம் பிளைவுட்டிலும் தெர்மகோலிலும் செய்து, ஒரு சாயங்காலம் நிறுத்திவிட்டு, மறுநாள் பிரித்து லாரியில் ஏற்றிவிடுவோம். இந்த முறை கேட்டது மஸ்கட்டில் எண்ணெய்க் கிணறுகளுக்குச் சாமான் விற்கும் ஒரு கம்பெனி. அதன் தலைவர் ஸ்காட்லாந்துக்காரர். லீவில் மக்காவ் போய்விட்டு வந்து இன்னும் அந்தக் கிறக்கம் தீராமல் இருந்தார். சீனக் கரையில் ஒரு துறைமுகமாம், போர்ச்சுகீசியர்கள் தலைமுறை தலைமுறையாக வைத்திருந்ததாம், இப்போது திரும்பிய பக்கமெல்லாம் சொகுசு ஹோட்டலும் கேசினோவுமாம். கம்பெனியின் குடும்ப விருந்துக்கு அப்படியே ஒரு மக்காவ் வேண்டும் என்று கை நிறையப் போட்டோக்கள் அனுப்பியிருந்தார்.

வளைகுடாவில் சூதாட்டம் ஆகாது. அதனால் இது பொம்மைக் கேசினோ. பிளாஸ்டிக் வில்லைகளை வைத்து விளையாட வேண்டியது, அதிகம் சேர்த்த குடும்பத்துக்கு ஒரு பீங்கான் செட் பரிசு. ஆனால் நடுவில் நிற்கும் சுழல் சக்கரம் மட்டும் அசல் மாதிரியே இருக்க வேண்டும் என்று அந்த மனிதர் ஒற்றைக் காலில் நின்றார். அதை நான்தான் கடைந்தேன். எங்கள் போர்டு பெயிண்டர் போட்டோவைப் பார்த்து எண்களை எழுதிக் கொடுத்துவிட்டு லீவில் ஊருக்குப் போய்விட்டான்.

"ஜெரால்டே, இது நல்லா முடிஞ்சா ஒன் விசாவுல கார்பென்டரை எடுத்துட்டு சூப்பர்வைசர்னு போட்டுத் தரேன்" என்றார் குரியன் சார்.

வளைகுடாவில் ஒரு மனிதன் யார் என்பதை அவன் விசாவில் அடித்திருக்கும் தொழில்தான் சொல்லும். கார்பென்டர் என்று இருந்தால் பெண்டாட்டி பிள்ளையைக் கூட்டிவர முடியாது. சூப்பர்வைசர் என்றால் குடும்ப விசாவுக்கு மனு போடலாம். என் மனைவி ஸ்டெல்லாவும் மகள் அனுஷாவும் ஊரில், முட்டத்தில் இருந்தார்கள். அனுஷா தவழும்போது விமானம் ஏறியவன் நான். நடுவில் ஒரே ஒரு லீவில் போனபோது, அவள் நான் திரும்பும் நாள்வரை அம்மாவின் சேலைக்குப் பின்னால் நின்றே என்னைப் பார்த்தாள். எனவே மக்காவ் என்ன, சந்திர மண்டலத்தையே கட்டச் சொன்னாலும் நான் கிளம்பியிருப்பேன்.

காலையிலேயே பர் துபாயிலிருந்து புறப்பட்டோம். லாரியில் மூன்று பேர். ஓட்டுபவர் பெஷாவர் பக்கத்துக் கான் பாய். நடுவில் பெயிண்டர் முருகேசன், முதுகுளத்தூர்க்காரன், எதைப் பார்த்தாலும் வாயைத் திறந்து அபிப்பிராயம் சொல்லாமல் இருக்க முடியாதவன். ஓரத்தில் நான். பின்னால் சிவப்பு லாந்தர்கள், தங்க நிற டிராகன்கள், மக்காவின் பழைய மாதாகோவில் முகப்பு ஒன்று. தீப்பிடித்து மற்றதெல்லாம் போய் முகப்பு மட்டும் மிஞ்சிய கோவிலாம். தெர்மகோல் என்று தெரிந்தும், ஏற்றும்போது என் கை தானாகச் சிலுவை போட்டுக்கொண்டது. கான் பாய் அதைக் கவனித்துவிட்டு, அந்தப் பெட்டியின்மேல் வேறு எதையும் வைக்க விடவில்லை.

கம்பெனி லாக்கரில் கிடந்த பாஸ்போர்ட் முருகேசன் கைக்கு வந்து ஒரு நாள்தான் ஆகியிருந்தது. அதைத் திறந்து திறந்து பார்த்துக்கொண்டே வந்தான். "இதுல நான்தானாண்ணே? ஆத்தாடி, கன்னமெல்லாம் எப்படி இருக்கு பாருங்க. இங்க வந்து குப்பூஸ் ரொட்டியத் தின்னு தின்னு இப்படி ஆயிட்டேன்."

ஹத்தா தாண்டியதும் மலைகள். துபாயில் உயரமானதெல்லாம் மனிதன் கட்டியது. இங்கே ஆண்டவன் கட்டியதைப் பார்க்கக் கழுத்து வலித்தது. எல்லையில் எங்கள் சாமான் அத்தனையையும் வெயிலில் இறக்கச் சொன்னார்கள். இளம் ஓமானி அதிகாரி ஒருவர் லாந்தர்களைத் தட்டிப் பார்த்தார், டிராகனின் பல்லை எண்ணாத குறை. சக்கரத்தின் முன்னால் வந்து நின்றார். இது என்ன என்று இந்தியில் கேட்டார்.

"பச்சா லோக் கா கேம் சாப்" என்றான் முருகேசன். பிள்ளைகள் விளையாட்டு.

அதிகாரி ஒரு விரலால் சக்கரத்தைச் சுண்டினார். அது சுற்றியது, சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. என் கைவேலையாக்கும்! பக்கத்துக் கவுண்டரிலிருந்து இன்னொருவரும் எழுந்து வந்து சுற்றினார். வரிசையில் நின்ற பாகிஸ்தானி டிரைவர்களும் சுற்றிப் பார்த்தார்கள். ஒருவழியாக "யல்லா, யல்லா" என்று சிரித்துக்கொண்டே முத்திரை குத்தி அனுப்பினார்கள்.

அதன்பிறகு சோஹார் வழியாகக் கடலோர நெடுஞ்சாலை. அந்தச் சாலைக்கு ஒரு வியாதி, ரவுண்டானா. கொஞ்ச தூரம் நேராகப் போனால் ஒரு ரவுண்டானா, அதன் நடுவில் பெரிய காப்பிக் கூஜா. இன்னும் கொஞ்சம் போனால் மற்றொன்று, அதில் கப்பல். கான் பாய் எதற்கும் வேகத்தைக் குறைப்பவர் அல்ல. ஒவ்வொன்றிலும் நாங்கள் மூவரும் ஒரே பக்கமாகச் சாய்ந்து, ஒரே பக்கமாக நிமிர்ந்தோம். பின்னால் என்னவோ உருண்டது. "காலி டப்பா, பாய்" என்றார் அவர்.

மத்தியானம் கடற்கரைக் கடையில் சுட்ட மீன் தின்றோம். நெய்மீனைப் பிளந்து உப்பும் காய்ந்த எலுமிச்சைப் பொடியும் தடவிக் கரியில் வாட்டியிருந்தார்கள். மீன்பிடிக்கிற ஊரில் பிறந்தவன் நான், மீன் விஷயத்தில் யாரையும் எளிதில் பாராட்ட மாட்டேன். அன்று பாராட்டினேன். பர்காவில் தேநீருக்கு நிறுத்தியபோது ஒரு ஓமானிக் கிழவர் எங்களைக் கூப்பிட்டு உட்காரவைத்து, அல்வாவை நீட்டினார். குங்குமப்பூவும் ரோஜாத் தண்ணீரும் மணக்க, கையில் ஒட்டாமல் வழுக்கியது. முருகேசன் மூன்று விரலால் அள்ளினான். கிழவர் தட்டையே அவன் பக்கம் தள்ளிவிட்டார்.

மஸ்கட்டுக்குள் நுழைந்த சற்று நேரத்தில் போலீஸ் கை காட்டியது. வேகம் என்று நினைத்துக் கான் பாய் லைசென்ஸை எடுத்தார். குற்றம் அது அல்ல. எங்கள் லாரி அழுக்காக இருக்கிறதாம்! இந்த ஊரில் அழுக்கு வண்டி ஓட்டக் கூடாதாம். கழுவிவிட்டு உள்ளே வா என்று மரியாதையாகத் திருப்பி அனுப்பினார்கள். கான் பாய்க்கு அவமானம் தாங்கவில்லை. "இருபது வருஷமா வண்டி ஓட்டுறேன், ஆளைக் குளிக்கச் சொன்ன ஊர் உண்டு, லாரியைக் குளிக்கச் சொன்ன ஊர் இதுதான்" என்று உருதுவில் புலம்பியபடி நின்று கழுவினார். பிறகு பார்த்தால் ஊரே கழுவித் துடைத்து வைத்ததுபோலத்தான் இருந்தது. கட்டடங்கள் எல்லாம் வெள்ளை, உயரம் இல்லை, தெருவில் ஒரு காகிதம் கிடையாது.

ஒரு மலையைக் குடைந்த சாலையில் போய்த் திரும்பினால் ஹோட்டல் கடலோரத்தில் அரண்மனையாக நின்றது. நடு மண்டபத்தில் அண்ணாந்து பார்த்தேன், கூரை தெரியவே நேரமானது. அதிலிருந்து இறங்கும் விளக்குக் கொத்து ஒரு வீடு அளவு. மூலையில் வெள்ளி கும்பாவில் சாம்பிராணி புகைந்தது. எங்கள் ஊர்க் கோவிலில் திருநாள் பூசைக்கு மட்டும் வரும் மணம், இங்கே தினமும். துபாயில் ஹோட்டல்கள் இன்னும் பளபளப்புதான். ஆனால் அங்கே எல்லாம் அவசரமாக எழும்பியவை. இங்கே வேலைப்பாடு பார்த்துப் பார்த்துச் செய்தது. ஒரு மரத்தூணைத் தடவிக்கொண்டு நின்ற என்னை யாரோ தோளில் தட்டினார்கள்.

"அலங்கார ஆட்களுக்குப் பின்வாசல்."

பிலோமினா மேடம். விருந்து ஹாலுக்குப் பொறுப்பு. கோவாக்காரர், ஐம்பதைத் தாண்டியவர், கையில் வாக்கிடாக்கி, காலில் செருப்புச் சத்தம் கேட்காத நடை. சுவரில் ஒரு ஆணிகூட அடிக்கக் கூடாது, கம்பளத்தில் ஒரு சொட்டு பெயிண்ட் விழக்கூடாது என்று இந்தியில் மிரட்டிவிட்டு, நான் கொடுத்த பாஸ்போர்ட் நகலைப் பார்த்தார். ஜெரால்டு பெர்னாண்டோ. முகம் மாறியது. "நீயும் நம்ம ஆளா? என் அம்மா வீடு பெர்னாண்டஸ்."

போர்ச்சுகீசியர்கள் ஞானஸ்நானம் கொடுத்துவிட்டுப் போன பெயர், அவர் கரையிலும் என் கரையிலும். நாங்கள் மேசை என்றும் அலமாரி என்றும் ஜன்னல் என்றும் சொல்வதும் அவர்கள் விட்டுப்போனதுதான் என்று எங்கள் ஊர்ச் சாமியார் ஒருவர் சொல்வார். அப்படிப் பார்த்தால் தச்சன் பிழைப்பில் பாதி அவர்கள் தயவு. மேடத்திடம் இதைச் சொன்னதும், பணியாளர் சாப்பாட்டு அறையில் எங்கள் மூவருக்கும் சாதம், பருப்பு, கோழிக் குழம்பு கிடைத்தது. ஆணி மட்டும் கிடைக்கவில்லை.

சாமான்களைப் பிரித்தபோதுதான் ரவுண்டானாக்களில் உருண்டது எது என்று தெரிந்தது. பெயிண்டைக் கரைக்கும் தின்னர் டப்பா. மூடி திறந்து அவ்வளவும் சக்கரத்தின்மேல் கொட்டியிருந்தது. எண்கள் எல்லாம் கரைந்து சிவப்பும் கறுப்பும் ஒன்றாக வழிந்து கிடந்தன. ஒரு பக்கம் பலகையும் உப்பி எழும்பிவிட்டது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. மாதாவே, என் சூப்பர்வைசர் விசா!

"பதறாதீங்கண்ணே. பெயிண்டு வாங்கிக் குடுங்க, நாளைக்குள்ள புதுசு மாதிரி ஆக்கிப்புடுறேன்" என்றான் முருகேசன்.

மறுநாள் காலை கான் பாயுடன் பெயிண்ட் வாங்க மத்ரா கடைத்தெருவுக்குப் போனோம். வளைந்து போகும் கடற்கரைச் சாலை, ஒரு பக்கம் மரக்கலங்கள், ஒரு பக்கம் பழைய மாளிகைகள். வாங்கி முடித்ததும், இவ்வளவு தூரம் வந்துவிட்டோம் என்று பழைய மஸ்கட்டையும் ஒரு சுற்று பார்த்தோம். சுல்தானின் அரண்மனைக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று பாறை உச்சியில் இரண்டு கோட்டைகள். இரண்டிலும் போர்ச்சுகீசியர்கள் இருந்திருக்கிறார்கள். கடலைப் பார்த்துப் பீரங்கி வைத்துக்கொண்டு ஒரு நூற்றாண்டுக்கும் மேல் இருந்துவிட்டுத் துரத்தப்பட்டார்களாம்.

முருகேசன் வெகுநேரம் அண்ணாந்து பார்த்தான். "இம்புட்டுத் தூரம் வந்து அம்மாம் பெரிய கோட்டை கட்டிருக்கானுக. யாருண்ணே இவனுகளுக்கு விசா குடுத்தா?"

கான் பாய்க்கு மொழிபெயர்த்துச் சொன்னேன். ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துச் சிரித்தார்.

திரும்பி வந்து சக்கரத்தைக் கவனித்தேன். உப்பிய பலகையை அடியிலிருந்து இழுத்துப் பிடிக்க, கைக்குக் கிடைத்த தேக்குத் துண்டு ஒன்றை வைத்து நாலு ஸ்க்ரூ போட்டேன். கெட்டியாக உட்கார்ந்தது. அதற்குள் பிலோமினா மேடம் வாக்கிடாக்கியோடு வந்து, மாதாகோவில் அவசர வழியை மறைக்கிறது, நகர்த்து என்றார். கோவிலை நகர்த்தப் போய்விட்டேன். சாப்பாட்டு வேளைக்குத் திரும்பினால் சக்கரம் தகதகவென்று நின்றது. என்ன கை அவனுக்கு! ஒவ்வொரு எண்ணும் ராஜா மாதிரி நிமிர்ந்து நின்றது.

"அண்ணே, ஒண்ணு சொல்லணும். பழைய பெயிண்டரு ரொம்ப மோசம்ணே" என்றான். "அழியாம மிச்சம் இருந்தத பாத்தேன். பதினேழுக்குப் பக்கத்துல முப்பத்திநாலு, அதுக்கடுத்து ஆறு. எண்ணத் தெரியாதவன் எழுதுன மாதிரி. இந்தா, மேசையில விரிக்கிற துணியில ஒண்ணுலேருந்து முப்பத்தாறு வரைக்கும் ஒழுங்கா இருக்குல்ல? அதே மாதிரி வரிசையா எழுதிட்டேன்."

எனக்கும் அது மிகச் சரியாகப் பட்டது. நாங்கள் இருவருமே கேசினோ எதையும் கண்ணால் கண்டவர்கள் அல்ல. எண் என்றால் வரிசையாகத்தானே இருக்கும்? "கெட்டிக்காரன்லே நீ" என்று முதுகில் தட்டினேன்.

விருந்து அன்று அடுத்த இடி. சக்கரம் சுற்றத் துபாயிலிருந்து பஸ்ஸில் வரவேண்டிய பிலிப்பினோப் பெண்ணை எல்லையில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். எங்களுக்கு முன்பே எடுத்திருந்த ஓமான் விசாவை அவளுக்கு எடுக்காமல் விட்டிருந்தார்கள். அவள் துபாய் விசாவில் இருந்த தொழிலுக்கு எல்லையில் விசா கிடையாதாம். எனக்கு அந்தப் பெண்மேல் கோபம் வரவில்லை. அவளும் என் ஜாதிதான், கார்பென்டர் ஜாதி. பிலோமினா மேடம் என்னை மேலும் கீழும் பார்த்தார். வெயிட்டர்களின் சிவப்பு மேல்சட்டை ஒன்றையும் கழுத்துப் பட்டியையும் கொண்டுவந்து நீட்டினார். "நீ செய்த சக்கரம், நீயே சுற்று."

ஒரு மணி நேரத்தில் ஒரு சர்தார் பையன், வெயிட்டர், எனக்குச் சக்கரம் எப்படிச் சுற்றுவது, குண்டை எந்தப் பக்கம் விடுவது என்று சொல்லிக் கொடுத்தான். சுற்றும் சக்கரத்தில் குண்டு எந்த எண்ணில் போய் விழுகிறதோ, அதில் வில்லை வைத்தவருக்கு ஜெயம். அவன் அதை டிவியில் பார்த்திருக்கிறானாம். முருகேசன் மாதாகோவில் முகப்புக்குப் பின்னால் விளக்குக்குக் காவல் நின்றான்.

வெயில் சாய்ந்ததும் கதவைத் திறந்தார்கள். மாதாவே, அந்த அழகை என்ன சொல்வேன்! சிவப்பு லாந்தர் எல்லாம் ஒரே சமயத்தில் எரிய, டிராகன்கள் மின்ன, ஓமானி, மலையாளி, தமிழர், எகிப்துக்காரர், வெள்ளைக்காரர் என்று குடும்பம் குடும்பமாக வாயைப் பிளந்துகொண்டு உள்ளே வந்தார்கள். நாங்கள் கட்டியதைப் பார்த்து ஜனங்கள் வாயைப் பிளப்பதை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. எப்போதும் விருந்து தொடங்கும்முன் எங்களைப் பின்வாசல் வழியாக அனுப்பிவிடுவார்கள்.

சக்கரத்தைச் சுற்றினேன். இருபத்து நான்கு. கைத்தட்டல். மறுபடி. இருபத்தேழு. மறுபடி. இருபத்திரண்டு. மறுபடி. இருபத்தாறு. இரட்டைச் சடை போட்ட ஒரு மலையாளிச் சிறுமி மேசை விளிம்பில் மோவாயை வைத்து உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். திடீரென்று கையில் இருந்த வில்லைகளை எல்லாம் இருபதுகளின் மேல் பரப்பினாள். இருபத்தைந்து வந்தது.

"அவ்விடெத்தன்னே வருந்நுண்டு!" என்று கத்தினாள். அங்கேயேதான் வருகிறது!

தேக்குத் துண்டு! நான் அடியில் வைத்த அந்தத் துண்டால் சக்கரத்தின் ஒரு பக்கம் கனத்துவிட்டது. கம்பளத்தில் மேசையும் அந்தப் பக்கமாக இம்மியளவு சாய்ந்திருக்கிறது. கனமான பக்கம் தாழ்வான பக்கத்தில் வந்து நிற்க, குண்டும் அங்கேயே போய் விழுகிறது. பழைய பெயிண்டர் எழுதியபடி எண்கள் மாறி மாறி இருந்திருந்தால் ஒருவருக்கும் தெரிந்திருக்காது. முருகேசன் வரிசையாக எழுதிவிட்டதால் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்துவிட்டது. எண்களை எதற்காகக் கலைத்துப் போட்டிருந்தார்கள் என்று அந்த நிமிடம்தான் எனக்கு உறைத்தது.

அதற்குள் விஷயம் பரவிவிட்டது. மற்ற மேசைகள் காலி. முண்டியடித்துக்கொண்டு எல்லோரும் இருபதுகளில் வைத்தார்கள், எல்லோரும் ஜெயித்தார்கள். என் வில்லைப் பெட்டி துடைத்துவிட்ட மாதிரி ஆனது. பிலோமினா மேடத்தைப் பார்த்துக் கையை விரித்தேன். அவர் கொஞ்சமும் அசரவில்லை. பிஸ்தாப் பருப்பு வட்டில்களைக் கொண்டுவரச் சொல்லி என் முன்னால் அடுக்கினார். அதன்பின் பிஸ்தாதான் நாணயம். பிள்ளைகள் ஜெயிப்பதும் தின்பதும் மறுபடி ஜெயிப்பதுமாக இருந்தார்கள். வெள்ளைக் கந்தூரா அங்கியில் ஒரு பெரியவர் தன் பேரனின் பிஸ்தாவைத் திருடி இருபத்தெட்டில் வைத்தார். ஹாலே கூரை பிய்ந்துபோகக் கத்தியது. எனக்கும் பயம் பாதி, சிரிப்பு பாதி. கை நிற்காமல் சுற்றிக்கொண்டே இருந்தேன்.

கூட்டம் விலகியது. ஸ்காட்லாந்துக்காரர் வந்து நின்றார். சிவந்த முகம், வெள்ளைப் புருவம். சக்கரத்தைக் கையால் நிறுத்தினார். இருபத்தொன்று, இருபத்திரண்டு, இருபத்து மூன்று என்று விரலால் தொட்டுக்கொண்டே போனார்.

"இதை எழுதியது யார்?" என்றார்.

முருகேசனைக் காட்டினால் அவன் கதை முடிந்தது. வளைகுடாவில் பெயிண்டரை ஊருக்கு அனுப்ப ஒரு போன் போதும். என்னைக் காட்டினால் என் விசா முடிந்தது. ஸ்டெல்லாவின் முகமும் அனுஷாவின் முகமும் கண்முன் வந்தன. சத்தியமாகச் சொல்கிறேன், முருகேசன் பெயர் நாக்கு நுனிவரை வந்தது. பிறகு "நான்தான் சார்" என்றேன்.

மாதாகோவிலுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. "அவரு இல்ல சார்! நான்தான் எழுதுனேன்! மை ரைட்டிங் சார்!" தெர்மகோல் முகப்பின் வாசலில் தலையை நீட்டிக்கொண்டு முருகேசன் நின்றான்.

அந்த மனிதர் அவனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ஒரு பிடி பிஸ்தா எடுத்து இருபத்தைந்தில் வைத்து, சுற்று என்று சைகை காட்டினார். சுற்றினேன். இருபத்தைந்து! கூட்டம் ஓவென்று கத்தியது. ஜெயித்ததை வாரிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல் போய்விட்டார்.

மறுநாள் காலை மக்காவைப் பிரிக்க ஆரம்பித்தோம். நான் பேசவில்லை. முருகேசனே பேசவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். லாந்தரை இறக்கிக்கொண்டிருந்தபோது என் மொபைல் அடித்தது. குரியன் சார்.

"ஏது கழுதையாடா நம்பர் எழுதினது?"

"சார்..."

"அந்த ஸ்காட்லாந்துக்காரன் காலையில எனக்குப் போன் பண்ணினான். மக்காவுல மூணு நாள் கேசினோவுல உட்கார்ந்தானாம், ஒருத்தன் சிரிச்சு அவன் பார்க்கலையாம். நேத்து அவன் பொண்டாட்டி சிரிச்சு சிரிச்சு வயிறு வலிச்சுக் கிடக்காளாம். சக்கரத்தைப் பிரிக்க வேண்டாம், அவன் வீட்டுக்குக் கொண்டுபோய்க் குடு. கிறிஸ்துமஸ் வேலையும் நமக்குத்தான். அந்த சூப்பர்வைசரையே அனுப்புன்னான். நான் யாரடா அதுன்னு முழிச்சேன். சிவப்புக் கோட்டு போட்டவர்னான்." கொஞ்சம் நிறுத்தினார். "கிளையன்ட்டே சூப்பர்வைசர்னு சொல்லியாச்சு. வந்ததும் பாஸ்போர்ட்டை ஆபீஸ்ல குடு, மாத்திடலாம். கலாஸ், முடிஞ்சது."

மாதாகோவில் முகப்பின் முன்னால் அப்படியே முழங்காலிட்டுவிட்டேன். தெர்மகோல் என்றால் என்ன? பிலோமினா மேடமும் வந்து பக்கத்தில் நின்று சிலுவை போட்டுக்கொண்டார். பிறகு, மத்தியானத்துக்குள் ஹாலைக் காலி செய்ய வேண்டும் என்று ஞாபகப்படுத்தினார்.

சக்கரத்தைக் கொடுத்துவிட்டுத் திரும்பும் வழியில் மத்ராவில் லாரியை நிறுத்தச் சொன்னேன். "அண்ணி வந்தா மீன்கொழம்பு வைப்பாங்கல்ல? வெள்ளிக்கிழமை ஆனா நான் வந்து நின்னுருவேன், இப்பவே சொல்லிட்டேன்" என்றான் முருகேசன். கான் பாய் இரண்டு விரலைக் காட்டினார், அவருக்கும் சேர்த்தாம். ஒரு போன் கார்டு வாங்கிக்கொண்டு கடலோரப் பூத்துக்குள் போனேன்.

ஸ்டெல்லாவிடம் விஷயத்தைச் சொன்னேன். "கேக்குதா? நீயும் பிள்ளையும் இங்க வரப் போறிய" என்று மறுபடி சொன்னேன்.

"நெசமாவா? என்னைய ஏமாத்தப் படாது, சொல்லிட்டேன்" என்றாள். "இந்தாங்க, பிள்ளைகிட்டயும் நீங்களே சொல்லுங்க."

மூச்சு விடும் சத்தம் கேட்டது. அனுஷா எப்போதும் போனைக் கையில் வாங்கியதும் முதலில் மூச்சுதான் விடுவாள்.

"மக்களே, நீயும் அம்மையும் ஏரோப்ளேன்ல ஏறி அப்பாட்ட வரப் போறிய. இனி நாம ஒரே வீட்டுல இருப்போம்."

அவள் யோசித்தாள்.

"அங்க போன் உண்டுமாப்பா?"

"எதுக்கு மக்களே?"

"போன் இல்லன்னா நான் ஒங்ககிட்ட எப்பிடிப் பேசுவேன்?"